புதுவை ஓணானுக்கு ஒரு வக்காலத்து

புதுச்சேரியில் யாராவது கட்சி மாறும்போதெல்லாம் ஓணானின் மானம் போகிறது. மேடையில் பேசுகிறவர் ‘பச்சோந்தி’ என்பார்; அதே செய்தியை டீக்கடையில் படிக்கிறவர் ‘ஓணான்’ என்பார். இருவர் மனத்திலும் இருப்பது பெரும்பாலும் ஒரே பிராணிதான்: வேலியிலும் பூவரச மரத்திலும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பழுப்பு உருவம். எங்கள் தெருமுனைக் கடையில் ஒருநாள், பணி ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “எந்தப் பக்கம் போனா எந்தக் கலர்னு இவனுங்களைப் பாத்து ஓணானே கத்துக்கணும் சார்” என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. ஓணான் போகும் பக்கத்துக்குத் தக்கபடி நிறம் மாற்றிக்கொள்கிறது என்பது ஒரு சின்ன உவமைப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கண்ணெதிரே, வீட்டு மதிலின் மேலேயே, நாள்தோறும் பொய்யென்று நிரூபிக்கப்படும் ஒரு கருத்தை ஓர் ஊரே எப்படி விடாமல் நம்பிக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வைகாசி, ஆனி மாதங்களில் காலை பத்து மணி வெயிலில் எந்தப் பூவரச மரத்தடியிலாவது நின்று பார்த்தால் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஓர் ஆண் ஓணான், அந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாலாகவே வைத்துக்கொண்டு, அடிமரத்தில் மனிதனின் நெஞ்சு உயரத்தில் ஒட்டியிருக்கும். மரப்பட்டை சாம்பல் நிறம். ஓணானின் தலையும் தோளும் குங்குமச் சிவப்பு. தாடையின் இரு பக்கமும் மை பூசியதுபோல் கருப்புத் திட்டுகள். பிடரியிலிருந்து முதுகு வழியாக இறங்கும் முள்வரிசை விறைத்து நிற்கும். காதுக்கு மேலே இரண்டு சிறிய முட்கள் தனியாகத் தெரியும். இப்படி உட்கார்ந்துகொண்டு அது ஒளிந்துகொள்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு தடவைகூட அதை நின்று பார்க்கவில்லை என்று பொருள். தெருவிலேயே நம் கண்ணில் முதலில் படுகிற பொருள் அதுதான். பருந்துக்கும் வல்லூறுக்கும் செம்போத்துக்கும்கூட அப்படித்தான் படும். அந்த ஆபத்தைத் தெரிந்தே சுமப்பதுபோல அது முன்னங்கால்களை ஊன்றி உடம்பை மேலும் கீழும் ஏற்றி இறக்கித் தண்டால் எடுக்கிறது, தொண்டையை இறக்குகிறது, தலையை ஆட்டுகிறது. பக்கத்து மதிலில் இருக்கும் இன்னோர் ஆணுக்கு எச்சரிக்கையும், கீழே முருங்கைக் கிளையில் இருக்கும் பெண்ணுக்கு அழைப்பும் அதே ஆட்டத்தில் அடங்கியிருக்கின்றன.

அடுத்த மதிலில் இருப்பவன் எல்லை தாண்டி வந்தால் சண்டை நடக்கும். பின்னங்கால்களில் எழுந்து, வாயைப் பிளந்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சிறிது நேரத்தில் ஒன்று பின்வாங்கும். நான் கவனித்தவரை, தோற்றதன் சிவப்பு அது ஓடி மறைவதற்குள்ளாகவே வடிந்துவிடுகிறது. மதிலின் அந்தப் பக்கம் இறங்கும்போது அது வெறும் பழுப்பு ஓணான். இத்தனைக்கும் அது நின்ற சுவர் அதே சுவர். சுண்ணாம்பின் நிறமும் மாறவில்லை. மாறியது ஓணானின் நிலைமை. தோலுக்குள் கருநிறமியைச் சுமக்கும் செல்கள் இருக்கின்றன. அந்த நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவினால் தோல் கருக்கிறது. நடுவில் ஒடுங்கினால் தோலின் மஞ்சளும் சிவப்பும் வெளியே தெரிகின்றன. அவற்றைப் பரவச் செய்வதும் ஒடுங்கச் செய்வதும் நரம்பும் இயக்குநீரும். அந்த இரண்டையும் தூண்டுபவை இனப்பெருக்கக் காலம், பயம், வெற்றி, தோல்வி, உடம்பின் சூடு ஆகியவை. ஆகவே ஓணானின் நிறம் அதன் உள்நிலையை வெளியே சொல்லும் ஒரு வாக்குமூலம். பயந்தால் பயந்தேன் என்றும், தோற்றால் தோற்றேன் என்றும் ஊர் பார்க்கச் சொல்லிவிடுகிற பிராணியைக் கட்சி மாறுகிறவருக்கு உவமை சொல்வது யாருக்கு அவமரியாதை என்று யோசிக்க வேண்டும்.

உண்மையான பச்சோந்தி வேறு குடும்பம். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து கிளையை இடுக்கிப் பிடிக்கும் விரல்கள், சுருளும் வால், உடம்பின் நீளத்துக்கு நீண்டு போய் இரையை ஒட்டி இழுக்கும் நாக்கு என்று அதற்கு எல்லாமே தனி. ஓணானுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்ற முடிவது மட்டும் இரண்டுக்கும் பொது. பச்சோந்திக்கும் நிறமாற்றம் முதன்மையாக உறவாடவும் வெப்பத்தைச் சமாளிக்கவுமே பயன்படுகிறது என்பதால், அரசியல் உவமை அந்தப் பக்கம் போனாலும் செல்லுபடியாகாது.

பாரிசில் வைத்த பெயர்

இந்த ஓணானுக்கு அறிவியல் வழங்கும் பெயர் கலோட்டிஸ் வெர்சிகலர். 1802-இல் பிரான்சுவா மரி தோதேன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பதிவு செய்தார். தோதேன் 1776-இல் பாரிசில் பிறந்தவர். சிறு வயதில் வந்த நோயினால் கால்கள் விளங்காமல் போனவர். ஊர்வனவற்றைப் பற்றி எட்டுத் தொகுதிகள் எழுதியவர், காட்டில் ஒரு பல்லியைத் துரத்தியிருக்க வழியில்லை. மனைவி அடேல் படம் வரைந்து உதவினார். இருவரையுமே காசநோய் கொண்டுபோயிற்று. 1803-இல் தோதேன் இறந்தபோது அவருக்கு 27 வயது. அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கப்பலில் வந்து சேர்ந்த உயிரற்ற உடல்களை வைத்துத்தான் எழுதினார். அந்த உடல்களும் பிறகு காணாமற் போய்விட்டன.

ஒரு பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மூல மாதிரி தொலைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓணானின் கதை நன்றாகக் காட்டுகிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக, ஈரானின் கிழக்கு எல்லை முதல் தென்சீனம், சுமத்திரா வரை வேலியில் கண்ட பழுப்பு ஓணான் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயரைச் சூட்டினார்கள். அவை அனைத்தும் ஒன்றுதானா என்ற சந்தேகம் நீண்ட காலமாகவே இருந்தது. ஆனால் எதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது? மூலப் பத்திரம் இல்லாத நிலத்துக்கு எத்தனை பங்காளிகள் வந்தாலும் அளந்து பிரிக்க முடியாதல்லவா. 2016-இல் இந்திய ஆய்வாளர்கள் மூவர் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். தொலைந்த மாதிரிக்கு மாற்றாக ஒரு புதிய மூல மாதிரியை முறைப்படி அறிவித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது புதுச்சேரி ஓணான். அந்த அளவுகோல் கையில் கிடைத்த பிறகு, 2021-இல் மரபணு ஒப்பீட்டோடு இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் இருப்பது வேறு இனம், பாகிஸ்தானில் இருப்பது வேறு, வடகிழக்கு மாநிலங்களுக்கும் அதற்குக் கிழக்கேயும் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். பழைய பெயர் யாரிடம் தங்கியது என்றால், தென்னிந்திய ஓணானிடம். அதாவது லாசுப்பேட்டையிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் பையன்களிடம் கல்லடி படும் அதே ஓணானிடம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வந்தது பெருமை என்று சொல்ல மாட்டேன், ஒருவிதக் கூச்சம்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கதவு, சன்னல், தெருப்பலகை எல்லாவற்றையும் மஞ்சள் சுவரோடு சேர்த்துப் படம் எடுத்து விற்கும் ஊர் இது. உலகில் எங்கே ஓர் ஓணானைப் பிடித்து இது வெர்சிகலரா என்று கேட்டாலும், புதுச்சேரி ஓணானை வைத்தே பதில் சொல்ல வேண்டும் என்ற செய்தியை நான் ஒரு சுற்றுலாப் பலகையிலும் பார்த்ததில்லை. ஊர்வன வகையில் இந்த ஊருக்கு இது ஒன்று மட்டும் சொத்தல்ல. மணற்பாங்கான வெளிகளில் ஓடும் விசிறித்தொண்டை ஓணானுக்கு 1829-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே வைத்த பெயரிலேயே ‘பொந்திசேரியானா’ என்று ஊர் இருக்கிறது; பின்னங்காலில் நான்கே விரல்கள் கொண்டது அது. புளிய மரத்துப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் மரப்பல்லிக்கு 1836-இல் லெஷெனோவின் பெயரை வைத்தார்கள். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து, இங்கிருந்து செடிகளையும் உயிரினங்களையும் பாரிசுக்கு அனுப்பிய தாவரவியலாளர் அவர். இந்த மரப்பல்லிதான் உண்மையிலேயே ஒளியத் தெரிந்த பிராணி. பட்டையில் அது இருக்கும் இடத்தை விரலால் சுட்டிக் காட்டினாலும் பலருக்குத் தெரிவதில்லை. அதை யாரும் உவமைக்கு எடுத்துக்கொள்வதும் இல்லை.

கல்லும் சுருக்கும்

என் வயதுக்காரர்களில் கடலூர், புதுவைப் பக்கம் வளர்ந்த ஆண்கள் அனைவரும் ஓணான் விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள்தாம். தென்னை ஈர்க்குச்சியின் நுனியில் சுருக்குப் போட்டு, எச்சில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓணானின் தலைக்கு நேராக நீட்டினால், அது ஓடாமல் குச்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். அசையும் பொருளை இரையோ எதிரியோ என்று நிதானித்த பிறகே ஓடுகிற பழக்கம் அதற்கு. அந்த நிதானம்தான் அதற்கு எமன். பிடித்த பிறகு மூக்குப்பொடி போட்டு ஆடவிடுவது தனிக் கொடுமை. இதற்கெல்லாம் எங்களுக்கு ஒரு புராண அனுமதியும் இருந்தது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே அணிலை அடித்தால் பாவம், ஓணானை அடித்தால் புண்ணியம். இன்னொரு பக்கம், ஓணான் முறைத்துப் பார்த்தால் தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்ற பயத்தில் சட்டையில்லாத பையன்கள் கையால் தொப்புளைப் பொத்திக்கொள்வார்கள். பருவகாலத்தில் தொண்டை சிவந்துவிடுவதைப் பார்த்துத்தான் இந்த ரத்தக் கதை பிறந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர்களும் அதே சிவப்பைப் பார்த்து இரத்தம் உறிஞ்சி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

ஓணானைப் பார்ப்பதில் நம் முன்னோர்கள் இவ்வளவு மோசமில்லை. குறுந்தொகையின் 140-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ‘வேதின வெரிநின் ஓதிமுது போத்து’ என்கிறார். கருக்கரிவாளைப் போன்ற முதுகை உடைய முதிய ஆண் ஓந்தி, அதாவது ஓணான். பாலை வழியில் போகிறவர்கள் சகுனம் பார்க்க ஏதுவாக அது உட்கார்ந்திருக்கிறது. முள்வரிசை ஆணுக்குத்தான் உயரமாக இருக்கும், அதிலும் முழுதாக வளர்ந்த ஆணுக்கு. ‘முது போத்து’ என்று வயதையும் ஆண் என்பதையும் சேர்த்துச் சொன்னவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நாங்களோ கைக்குள் வைத்திருந்தும் பார்க்கவில்லை. பல்லியின் வாலைப் போல ஓணானின் வால் உடைந்து தப்பிக்க விடாது என்பதைக்கூட, வாலைப் பிடித்துச் சுழற்றிய அத்தனை பேரில் ஒருவரும் வியப்போடு சொல்லிக் கேட்டதில்லை.

மண் தேடும் பெண்

சிவப்புத் தலை காட்டும் ஆணைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாயிற்று. ஆனால் இந்த விஷயத்தில் என் கவனத்தை ஒரேயடியாகத் திருப்பியது ஒரு பெண் ஓணான். ஆவணி மாதம், இரவு முழுக்க இடியும் மழையுமாக இருந்து ஓய்ந்த மறுநாள் முற்பகல். டீக்கடையில் உவமை சொன்ன அதே அண்டை வீட்டுக்காரர் அப்போது தம் வீட்டு முன்புறம் முழுவதற்கும் பேவர் பிளாக் பதித்துக்கொண்டிருந்தார். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மதில் ஓரம் முருங்கை மரத்தைச் சுற்றி மட்டும் முழங்கை அகலத்துக்கு மண் மிச்சமிருந்தது. அந்த ஓணான் மதிலிலிருந்து இறங்கி, பதித்த கற்களின் மேல் நடந்தது. இரண்டு அடி போவதும் தலையைத் தாழ்த்தி மூக்கால் தரையைத் தொடுவதும், மறுபடி நடப்பதுமாக இருந்தது. வயிறு இரு பக்கமும் புடைத்து, தோலுக்கு உள்ளே முட்டைகளின் மேடு பள்ளம்கூடத் தெரிந்தது. கல் இடுக்கில் நகத்தால் பிராண்டிப் பார்த்தது. சிமெண்டுத் தூள் மட்டும் வந்தது. ஓணான் தரையில் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. மரத்தில் இருக்க வேண்டிய உயிர் அது, ஆள் வந்தால் அடிமரத்தின் மறுபக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். அன்று நாங்கள் இருவர் நின்றதையும் அது பொருட்படுத்தவில்லை.

கடைசியில் முருங்கையடிக்கு வந்து சேர்ந்தது. முன்னங்கால்களை மாற்றி மாற்றிப் போட்டு ஈரமண்ணைத் தோண்டியது. சேர்ந்த மண்ணைப் பின்னங்கால்களால் தள்ளியது. தலையும் தோளும் உள்ளே போகும் ஆழம் வந்ததும் திரும்பிக்கொண்டு, வாலின் அடிப்பகுதியைக் குழியில் இறக்கியது. “என்ன சார் பண்ணுது?” என்றார் அவர். முட்டையிடப் போகிறது என்றேன். “என் வீட்லயா?” என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, “கலரே மாத்தல பாருங்க” என்றார். வெள்ளையாக, மெத்தென்ற தோலுறையோடு, நீள்வாக்கில் முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு முறைக்குப் பத்திலிருந்து இருபது வரை இடுவது இதன் வழக்கம். ஒரே பருவத்தில் மீண்டும் இடுவதும் உண்டு. இட்டு முடித்த பிறகு மண்ணை இழுத்து மூடி, மூக்கால் குத்திக் குத்தி அழுத்தி, மேலே சருகும் கல்லுமாகக் கலைத்துவிட்டு, ஒட்டிய வயிற்றோடு மரமேறிப் போயிற்று. அதோடு தாயின் பங்கு முடிந்தது. காவல் இருப்பதோ திரும்பி வருவதோ கிடையாது.

மழைக்கு மறுநாள் வந்தது தற்செயல் அல்ல. தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் இந்த ஓணானைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் அந்த முற்பகலின் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது. ஈரமண் கிடைக்காவிட்டால் பெண் ஓணான் முட்டைகளை இடாமல் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில்கூட. உள்ளே கருவின் வளர்ச்சி ஒரு கட்டம் வரை போய் நின்று காத்திருக்கும். வறண்ட மண்ணில் இட்டால் முட்டை வற்றிவிடும். ஏனென்றால், ஓணான் முட்டை கோழி முட்டையைப் போல மூடிய சரக்கல்ல. மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பெருத்தால்தான் உள்ளே குஞ்சு வளரும். நம் கடலோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. ஆனால் ஓணானின் பருவம் அதற்குள் முடிந்துவிடும். அதற்கு வாய்ப்பது ஆடி, ஆவணியில் எப்போதாவது மாலையில் வரும் இடிமழை மட்டும். மண்ணின் சூட்டுக்கும் இதில் பங்குண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தது என்றும், சூடு ஏற ஏறப் பெண், ஆண், பெண், ஆண் என்று முடிவு மாறி மாறி வருகிறது என்றும் 2012-இல் கர்நாடக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு பிராணி நிறம் மாற்றுவதை நூற்றாண்டுகளாக வைது வந்திருக்கிறோம். அதன் பால் நிர்ணயமே மண்ணின் சூட்டில் ஊசலாடுகிறது என்பது இதுவரை எந்த மேடைக்கும் எட்டவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் வேம்புகள் போயின. மரம் திரும்ப வளர்கிறது. எங்கள் தெருவில் புயலுக்குப் பின் நட்ட புங்கனில் இப்போது ஓணான் உட்காரும் அளவுக்குக் கிளை இருக்கிறது. மண் திரும்பக் கிடைப்பதில்லை. கிளுவை வேலி போய் மதில் வந்தபோதுகூட ஓணானுக்குப் பெரிய நட்டமில்லை, மதிலும் அதற்கு மேடைதான். மதிலுக்கு உள்ளே தரை மூடப்பட்டபோதுதான் கணக்குத் தவறியது என்று நினைக்கிறேன். உலக அளவில் ஓணான் அழிவை நெருங்கும் பிராணி அல்ல. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் செந்நிறப் பட்டியலில் கவலைக்கிடமற்ற வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தெருவின் ஓணானுக்கு உலகக் கணக்கு எதற்கு? பையன்கள் கல்லெறிவதை விட்டுக் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள், இருந்தும் கற்கள் பதித்த பகுதியில் ஓணான் குறைந்திருக்கிறது. மண் தரை உள்ள காலி மனைகளின் ஓரத்தில் இன்னும் தாராளமாக இருக்கிறது. இது என் கண் அளவில் சொல்வதுதான், ஆனால் அந்தப் பெண் சிமெண்டுத் தூளைப் பிராண்டியதைப் பார்த்த பிறகு வேறு காரணம் தேட எனக்கு மனம் வரவில்லை.

முட்டை பொரிக்க, சூட்டைப் பொறுத்து ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரையும் அதற்கு மேலும் ஆகலாம். வெளிவரும் குஞ்சு எறும்பிலும் சிறு பூச்சியிலும் தொடங்கி, காக்கைக்கும் கொம்பேறி மூக்கனுக்கும் பூனைக்கும் தப்பினால் ஓராண்டில் வளர்ந்துவிடும். அண்டை வீட்டில் அந்த வாரக் கடைசியில் மேஸ்திரி வந்து முருங்கையடியையும் பூசி முடித்துவிடலாம் என்றபோது, அவர் ஓணான் பேச்சையே எடுக்கவில்லை. “மரத்துக்கு வேர்ல காத்து போகணும் மேஸ்திரி, அதை அப்படியே விடுங்க” என்றார். மேஸ்திரி சரி என்று விட்டுவிட்டார். சதுர அடிக் கணக்கில் அந்த இடத்தைக் கழித்துக்கொள்ள மட்டும் ஒப்பவில்லை.